ஈடு

மட்டக்குளியில் என் கடைக்குப் பின்னறை.
மைசூர்ப்பருப்பு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில்
ஏழு வருடம் நின்றது அந்த மெஷின்,
தேர்தல் பனர் ஒன்றைப் போர்த்திக்கொண்டு.
தோற்றவர் அதில் இன்னமும் கைகூப்பியபடி.

பதினைந்து குதிரைவலு.
டெஸ்மன் குரூஸ் எண்பத்தையாயிரத்துக்கு ஈடாக வைத்துப்போனது.
"ரெண்டு மாசம், பவளமக்கா."
அடுத்த ஒழுங்கையில்தான் வீடு.
மூன்றாம் மாதத்திலிருந்து
பாண் வாங்கக்கூடச் சுற்றுவழியால் போகப் பழகிவிட்டான்.

விற்கலாமென்று ஆள் கூப்பிட்டேன்.
வத்தளையிலிருந்து வந்தவர் செருப்புக்காலால் தட்டிப் பார்த்தார்:
"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க, பிறகு விலை பேசுவம்."

கடை பூட்டிய ஞாயிறு பின்னேரங்களில்
நானே திறந்தேன்.
தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டிய கை,
இதுவும் ஒரு மெஷின்தானே.
மூடியைத் தூக்க,
பெற்றோல் செத்துக் கிடந்த மணம்,
வார்னிஷில் பழம்புளியைக் கரைத்த மாதிரி.
காபரேட்டர்க் கிண்ணத்தில் பாகு;
நக்கிப்பார்க்கத் தோன்றும் தேன்நிறம்.
ஊசித்துளையைக் கித்தார்க் கம்பியால் குத்தினேன்.
கியர் எண்ணெய் பாலாய் வடிந்தது, எங்கேயோ தண்ணீர் புகுந்திருக்கிறது.
தண்ணீர் துப்பும் ஓட்டையில் ஒரு குளவி
மண்பூசி, குடும்பம் நடத்தி,
பிள்ளைகளையும் அனுப்பிவைத்துவிட்டுப் போயிருந்தது.
காசு தராமல் போன இரண்டாவது ஆள்.

பஞ்சிகாவத்தையில் துவான் ரைசுதீனின் மேசையில்
பம்பின் பழைய றப்பர்ப் பூவை வைத்தேன்.
ஆறு இதழும் ஒரே பக்கம் சாய்ந்து விறைத்திருந்தன.
"இது ஜப்பான். இது ஜப்பான் மாதிரி,"
என்று இரண்டு புதுப் பூக்களை எடுத்துப் போட்டார்.
சும்மா கேட்டேன், முழு மெஷின் இப்ப என்ன விலை?
சொன்னார்.
பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
நான் கொடுத்த காசு ஏழு வருடத்தில் கரைந்துபோயிருக்கிறது,
மூலையில் கிடந்த இரும்பு கொழுத்திருக்கிறது.
எண்பத்தையாயிரத்தை வட்டியோடு பெருக்கினாலும்
இதில் பாதிக்குக் கிட்ட வராது.
லாபம் வந்து எனக்குத் தூக்கம் போன இரவு
அது ஒன்றுதான்.

கடைசி ஞாயிறு.
ஒழுங்கையில் நீல ட்ரம், நிறையத் தண்ணீர்,
குறுக்கே பலகை, பலகையில் மெஷின்.
ஐம்பதுக்கு ஒன்று எண்ணெய் கலந்த பெற்றோல்.
கயிற்றை இழுத்தேன். இருமல்கூட இல்லை.
பதினெட்டு வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.
மேல்மாடி நந்தசிறி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப்பார்த்தார்:
"அக்கே, பிளக்கைச் சுடவையுங்க."
தேத்தண்ணிக் கேத்தலுக்குப் பக்கத்தில், காஸ் அடுப்பில்,
இடுக்கியால் பிடித்துச் சுட்டேன்.
ஓடிவந்து பூட்டி, இழுத்தேன்.

நீலப்புகை.
நாய்கள் எல்லாம் ஒரே குரலில்.
ட்ரம்மின் தண்ணீர் உலைபோல் கொந்தளித்து என் காலை நனைத்தது.
தண்ணீர் துப்பவேண்டிய இடம் மட்டும் வறண்டு கிடந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று.
இன்னும் பத்து எண்ணினால் எரிந்துபோகும்.
ஆறு, ஏழு.
ஒரு கட்டி மண் தெறித்தது,
பின்னாலேயே மெல்லிய நீர்,
ஆண்குழந்தை மூத்திரம் பெய்கிற மாதிரி
வளைந்து, வெட்கமில்லாமல்.

நிமிர்ந்தால்
ஒழுங்கை முனையில் டெஸ்மன்.
ஒரு கன்னத்தில் சவர நுரை,
கையில் ரேசர், காலில் செருப்பில்லை.
சத்தத்தை அடையாளம் கண்டு ஓடிவந்திருக்கிறான்.
ஏழு வருடத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் சொல்:
"சோக். சோக்கை உள்ள தள்ளுங்க அக்கா."

தள்ளினேன்.
முரட்டுத்தனம் போய் மெஷின் சீராகப் பாடத் தொடங்கியது.
அவன் கிட்ட வரவில்லை.
நான் அணைக்கவில்லை.
இது ஓடும்வரைக்கும்
யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை.

டாங்கில் இன்னும் அரை லீற்றர் இருந்தது.