சிவப்புப் பொட்டு

ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும்.
உறையில் விரிசல் கூடாது,
குமிழ்கள் பிறந்த இடத்திலேயே இருக்க வேண்டும்,
உள்ளே அந்நியக் கை படக் கூடாது.
ரீகா வானொலிச் சேகரிப்பாளர் சங்கத்துக்காக
இதைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.
வால்வு என்றால் நேரே உள்ளே.
டிரான்சிஸ்டர் என்றால் கை தூக்கி வாக்கெடுப்பு.

பழசு வேறு, பழமை வேறு என்பேன் கூட்டங்களில்.
நேற்றைய ரொட்டி பழசு.
உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய் பழசு அல்ல,
அது வேறொன்றாகிவிட்டது.
இதற்கு ஐவர்ஸ் மட்டும் சிரிப்பான்,
அதுவும் மூன்றாவது பீருக்குப் பிறகு.

நவம்பர், சனிக்கிழமை, லட்கலீட்டே சந்தை.
உறைந்த சேற்றின் மேல் பலகை போட்டு
துருவேறிய சாவிகள், ராணுவப் பொத்தான்கள்,
ஜோடியில்லாத ஒரு பனிச்சறுக்குக் கட்டை.
ஸ்கைட்ரீட்டே என்று பெயர் சொன்னவள்
அதைக் குழந்தை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள்,
கம்பளிச் சால்வை போர்த்தி.
"கொதிகலன் செத்துப்போச்சு. இது எவ்வளவுக்குப் போகும்?"

எங்கள் ஊர் ஆலை. 1966. ஆறு டார்ச் பேட்டரி.
முதுகுத் திருகுகளைக் கழற்றினேன்.
அலைவரிசை உருளையில் ஒரு பட்டை மட்டும் வேறு சாதி:
ஆலை சுற்றிய சுருளைப் பிடுங்கிவிட்டு
நீல நிற டூத் பிரஷ்ஷின் பிடியை அறுத்து
அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறார்கள்.
பற்றவைத்த ஈயம் எச்சில் தெறித்தது போல.
முகப்பில், எண் எதுவும் அச்சிடாத வெற்றிடத்தில்,
நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு.

முள்ளை அங்கே கொண்டுபோனேன்.
இரைச்சல். இரைச்சலுக்குள் யாரோ
எனக்குத் தெரியாத மொழியில்
விலைப்பட்டியல் போல எதையோ வாசித்தார்கள்.

"கை பட்டிருக்கிறது," என்றேன். "பாதி விலை."

"பட்டிருக்கிறதா? பிறகு?
ஆலை எங்களுக்கு இருபத்தைந்து மீட்டரோடு கதவை மூடிவிட்டது.
அதைத் தாண்டிப் போனால்தான்
அமுக்குகிற இரைச்சல் கொஞ்சம் ஓயும்,
வெளியே இருப்பவன் பேசுவது காதில் விழும்.
எங்கள் படிக்கட்டில் பதினொரு வீடு.
மூன்றாம் மாடி ஹெர்மானிஸ்
மூன்று ரூபிளும் ஒரு புட்டியும் வாங்கிக்கொண்டு
ஒன்பது பெட்டிக்கு இதைச் செய்தான்.
அறுபத்தெட்டு ஆகஸ்டில் அவன் தூங்கவேயில்லை.
தெருமுனைக் கடையில் பிரஷ் தீர்ந்து
நாங்களெல்லாம் விரலால் பல் தேய்த்தோம்."

"மீதி இரண்டு வீடு?"

"ஒருத்திக்குக் காது கேட்காது."
இன்னொன்றுக்கு அவள் பதில் சொல்லவில்லை.
இல்லாத தொப்பியை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டாள்,
அவ்வளவுதான்.

சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் ஒன்று இருக்கிறது.
இதே ஆலை, இதே ஆண்டு.
கீறல் கிடையாது.
திருகின் மேல் ஆலை வைத்த அரக்குகூட உடையவில்லை.
நூற்றுக்கு நூறு; என் கையெழுத்து.
இத்தனை வருடம் அதை யாரும் ஏன் திறக்கவில்லை,
அது யார் வீட்டு மேசையில் இருந்தது?
நாங்கள் கேட்டதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
படிவமும் நான் அடித்ததுதான்.

'ஆண்டு' என்ற இடத்தில் 1966 எழுதினேன்.
பேனா உறைந்து நின்றது; வாயால் ஊதி,
ஒரு சாய்கோடு போட்டு, 1968.
"இரண்டு ஆண்டு செல்லாது," என்றான் ஐவர்ஸ்
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.
செல்லாதுதான்.
கையுறையைக் கழற்றி, சொந்தப் பணத்தில்,
முழு விலையை எண்ணி வைத்தேன்.

அவள் இரண்டு தடவை எண்ணினாள்.
பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து
மூடியைத் திறந்து
பேட்டரிகளை ஒவ்வொன்றாக உருவி
மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், ஆறையும்.

"இதெல்லாம் புதுசு," என்றாள்.
"போன வாரம்தான் வாங்கினேன்."