நகக்குறி

சூலூர் வெயிலுக்குப் பழகிய கை என்னுடையது.
அங்கே பிசினைக் கலக்கி நிமிர்வதற்குள்
கிண்ணம் கொதித்துப் புகையும்.
அதனால் மெதுவான ஹார்ட்னர்தான் வாங்குவேன்.
அதையே தூக்கிக்கொண்டு
மார்கழியில் கோத்தகிரிக்கு ஏறினேன்,
யோசிக்காமல்.

தேயிலை ஃபாக்டரி. இலை வாட்டும் தொட்டியின் விசிறி.
ஆறு இறக்கைகளில் ஒன்றுக்கு
போல்ட் பிடிக்கும் அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல்.
முன்பு யாரோ பாலியெஸ்டர் பூசி ஒப்பேற்றியிருந்தார்கள்.
உளி வைத்ததும் அப்பளமாய் உரிந்து வந்தது.
"எபாக்ஸிதாங்க பிடிக்கும்."
"விலை?" என்றார் மேனேஜர் போஜன்.
"மூணு மடங்கு."
தொட்டிக்குள் கைவிட்டு
இலையின் சூடு பார்த்தார். சிவக்க ஆரம்பித்திருந்தது.
"பண்ணுங்க."

நூறு கிராமுக்கு முப்பத்திரண்டு.
சாம்பிள் தூள் நிறுக்கும் தராசைத்
துடைத்துக் கொடுத்தாள் ஜெசிந்தா.
டப்பாவைக் கவிழ்த்தேன்; பிசின் வரவில்லை,
பனிக்காலத்துத் தேங்காயெண்ணெய் மாதிரி.
வெந்நீரில் உட்காரவைத்தோம்.
பிறகு அடியையும் ஓரத்தையும் சுரண்டிச் சுரண்டி
கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் கலக்கினேன்.
கலங்காத சொட்டு
என்றைக்கும் காயாத சொட்டு.

நாற்பத்தைந்து பாகைக்குச் சாய்த்து வெட்டிய கண்ணாடித் துணி,
ஐந்து அடுக்கு,
ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு விரற்கடை அகலம்.
நனைந்ததும் வெள்ளைத் துணி காணாமல் போகவேண்டும்.
வெள்ளை நிற்கிற இடம் காற்று நிற்கிற இடம்.
ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டினேன்.
ஒரு குமிழி மட்டும் திரும்பித் திரும்பி வந்தது.
ஊசியால் குத்தினேன்.

இரவு பத்து மணி. ஒன்பது டிகிரி.
தொட்டால் நூல் நூலாக வருகிறது.
"இன்னும் கொஞ்சம் ஹார்ட்னர் ஊத்தினா
சட்டுன்னு இறுகாதா?"
எல்லாரும் கேட்பதுதான்.
பாலுக்கு ஊற்றும் உறைமோர் இல்லை இது.
பிசினின் ஒரு கைக்கு ஹார்ட்னரின் ஒரு கை;
மிஞ்சிய கைகள் பிடிக்க ஆளில்லாமல்
உள்ளேயே தொங்கிக் கிடக்கும்,
இறக்கை ரப்பராகும் என்றேன்.
சொல்லும்போதே
சூலூர் அலமாரியின் இரண்டாம் தட்டில்
வேகமான டப்பா இருப்பது கண்ணில் தெரிந்தது.
அதைச் சொல்லவில்லை.

பலகையோடு, சாய்க்காமல்,
டிரையர் அறைக்குக் கொண்டுபோனோம்.
ஹாலன் விறகு தள்ளும் சுவருக்கு இந்தப் பக்கம்
தார்ப்பாயில் ஒரு கூடாரம்.
தெர்மாமீட்டர் நாற்பத்தைந்துக்கு ஏறியது.
"தேயிலை வாசம் ஒட்டிக்குமா இதுல?" என்றார் ஹாலன்.
"இந்த வாசம் உங்க தூள்ல ஒட்டாம பாத்துக்கங்க."
அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்
தூள் கொட்டும் அறையின் கதவைச் சாத்தினார்.

விடிந்தபோது மேலெல்லாம் மெழுகு வியர்வை:
கூடாரத்துக்குள் போகுமுன்
மூடுபனி தொட்டுவிட்ட இடங்கள்.
அதற்கு வெறும் தண்ணீர் போதும்.
துடைத்து, உப்புத்தாள் போட்டு,
எதிர் இறக்கையோடு எடை பார்த்தேன்.
பதினோரு கிராம் கூடுதல். மறுபடி தேய்த்தேன்.
மாட்டினோம். ஓடியது. இலை அசைந்தது.
போஜன் மட்டும் தூணில் காதை வைத்து
அரைமணி நேரம் நின்றார்.

பஸ்ஸில் சட்டைப்பைக்குள்
பாட்டில் மூடியில் ஊற்றிவைத்த மிச்சம்.
இறக்கைக்குப் பக்கத்தில் கூடாரத்துக்குள்
வைத்திருக்கவேண்டியது;
ஜன்னலில் மறந்துவிட்டேன்.
அரவேனுவில் நகம் பதிந்தது.
குஞ்சப்பனையில் லேசாகப் பதிந்தது.
மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில்
நகம்தான் வளைந்தது.

ஆனால் இது என் நெஞ்சின் சூடு,
கீழ்நாட்டு மதியத்தின் சூடு.
மேலே நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று
சுற்றுகிற ஒன்றைப் பற்றி
இந்த மூடிக்கு என்ன தெரியும்?

போன் போட்டேன். ஜெசிந்தா எடுத்தாள்.
அவள் குரலுக்கு முன்னால்
விசிறியின் இரைச்சல் வந்தது.
"ஹலோ? ஹலோ, யாருங்க?"

பதில் சொல்லாமல்
கேட்டுக்கொண்டு நின்றேன்.