வரம்புக்கு வெளியே

நாளுக்கு இரண்டாயிரம், சாப்பாடு தனி.
மேலூர் பக்கம் ஒரு கல் பாலீஷ் பட்டறையில்
ஆய்வுக்கு வந்தவருக்கு நான் வாய்.
ஹென்ட்ரிக் என்று பெயர். வெயிலில் காது சிவந்து,
கையில் நாற்பத்திரண்டு பக்கம்.

குடிதண்ணீர் உண்டா? உண்டு.
கையுறை உண்டா? உண்டு.
காலையில் பிரித்தது, மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.
பதினெட்டுக்குக் கீழே யாராவது?
பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்காய்ங்க என்றார் சூப்பர்வைசர்,
ஞாயிற்றுக்கிழமையில்.

பாகுபாடு உண்டா என்பது பத்தொன்பதாவது கேள்வி.
அந்தச் சொல்லை ராக்குவிடம் எப்படிக் கொண்டுபோவது என்று
கொஞ்சம் நின்றேன்.
'இங்கிட்டு வேத்துமை பாக்குறாய்ங்களான்னு கேக்குறாரு.'

கல்பொடி படிந்த இமையோடு
கேட்டுக்கு வெளியே டீக்கடையைப் பார்த்தாள்.
'முன்னாடி எங்களுக்குச் செரட்ட.
அப்புறம் தனிக் கிளாசு.
இப்ப பேப்பர் கப்பு.
அவுகளுக்கு மட்டும் கண்ணாடி.
கேட்டா, சுத்தம்ங்குறான்.'

சொன்னேன். அவர் தலையாட்டினார்.
காகிதக் கப் நல்லதுதானே, நோய் பரவாது என்றார்.
அந்த 'நல்லது'வை நான் தமிழுக்குக் கொண்டுவரவில்லை.
கொண்டுவந்திருக்க வேண்டுமோ என்னவோ.

'இந்தக் கல்லு எங்கிட்டுப் போகுதுன்னு கேளுத்தா.'
தூத்துக்குடி. கப்பல். அப்புறம் அவருடைய ஊர்.
'அங்க என்ன செய்றாக?'
செல்போனை நீட்டினார்.
மழையில் நனைந்த புல், வரிசையாகக் கற்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இரண்டு வருடங்கள்.
எங்கள் ஒட்டுப்பாறை
முகம் பார்க்கிற பளபளப்போடு
யாரோ ஒருவர் தலைமாட்டில்.

ராக்கு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.
விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி.
'பொணத்த எந்த வழியாக் கொண்டுபோவாக?'

அவருக்குக் கேள்வி புரியவில்லை.
மறுபடியும் கேட்டேன்.
ரோட்டு வழியாகத்தான், வேறெப்படி என்றார்.

போன ஐப்பசியில் அவள் கொழுந்தன் மாயழகு செத்தான்.
பெரியாற்றுத் தண்ணி திறந்து நடவு முடிந்திருந்தது.
ஊர்த்தெரு இருநூறு அடி நீளம். அதில் எங்கள் பாடை போகக் கூடாது.
வரப்பில் நாலு பேர் தூக்க, முன்னால் போனவன் கால் வழுக்க,
மாலையோடு சேற்றில் இறங்கிவிட்டான் மாயழகு.
மிதிபட்ட நாற்றுக்கு நஷ்டஈடு கேட்டார்கள்.
மூவாயிரம். கொடுத்தோம்.

இது எதையும் அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.
நான் அதே காலனிக்காரி, எனக்குத் தெரியும்.
அவள் சொன்னது ஒன்றுதான்:
'அத எழுதிக்கிறச் சொல்லு.'

மூன்று மாதம் கழித்து மின்னஞ்சலில் வந்தது அறிக்கை.
எல்லாக் கட்டத்திலும் பச்சை.
முப்பத்தொன்றாம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில்:
சாலை குறித்து ஒரு தொழிலாளி கேள்வி எழுப்பினார்.
இது ஆய்வின் வரம்புக்கு வெளியே.

தமிழில் வாசித்துக் காட்டினேன்.
அவள் காதில் வரம்பு வரப்பாக விழுந்திருக்க வேண்டும்.
'வரப்புக்கு வெளியேயா?
அப்ப ரோட்டு வழின்னு
அந்தாளே எழுதிட்டானே!'

திருத்தவில்லை நான்.
நாளுக்கு இரண்டாயிரம் வாங்கியவள்,
அந்த ஒரு தப்பை அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை, மதுரை, கலெக்டர் ஆபீஸ்.
வாசலில் பையைத் துழாவினார்கள்,
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று.
இருந்தது மனு, பதினோரு கைநாட்டு,
முப்பத்தொன்றாம் பக்கத்தின் ஜெராக்ஸ்.
டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.

மரத்தடியில் டீ வந்தது.
போலீசுக்கு, வக்கீலுக்கு, வரிசையில் நின்ற எல்லாருக்கும்
பேப்பர் கப்பில்.
ராக்கு கப்பைத் திருப்பிப் பார்த்தாள்.
'இங்க எல்லாத்துக்கும் இதானா?'
ஆமாம் என்றேன்.
'அப்ப எனக்கு இன்னொண்ணு சொல்லு.'