தலையோடு ஒரு பெட்டி

அந்தத் தீவில் அம்மாவை ‘மாமா’ என்கிறார்கள்.
லெவோலேபா துறையில் மாமா பாரேக்
என் முதுகுப் பையைப் பார்த்தாள், பிறகு என்னை,
பிறகு மறுபடியும் பையை.
இடம் இருக்கிறதா என்ற கணக்கு.

“கப்பல்?” என்றேன், விரல் நீட்டி.
“கப்பல்” என்றாள்.
அதே சொல். யார் யாரிடம் வாங்கிய கடனோ,
வட்டி கேட்க ஆளில்லாமல்
மிதந்துகொண்டிருந்தது.

பெட்டிக்கும் அவளிடம் பெட்டிதான்.
பழைய பிஸ்கட் தகரம்,
மூடியைச் சுற்றி சைக்கிள் ட்யூப் கட்டு,
உள்ளே கருவாடு.
“மகன். ஜகார்த்தா.”
வியர்வையில் நனைந்த காகிதத்தில் ஒரு எண்.
பிறகு தன் தலையைத் தொட்டு, “கெப்பாலா” என்றாள்.
தலைவலியோ, தலையெழுத்தோ,
ஏதோ துக்கம் என்று நானும் தலையாட்டினேன்.

மேல்தளத்தில் மெத்தை வாடகைக்கு.
ஆஸ்திரியப் பையன்கள் இருவர்
மோந்து பார்த்துத் தங்கள் மெத்தையை
நகர்த்திப் போட்டார்கள்.
அட்டைப் பெட்டிக்குள் யாருடையதோ ஒரு சேவல்.
நடுக்கடலில் எங்கோ
கடிகாரங்கள் ஒரு மணி பின்னால் போயின.
சேவலிடம் யாரும் சொல்லவில்லை.
அது கூவியதும் விழித்துக்கொண்டேன்:
கெப்பாலா, கபாலம்,
மீனுக்குத் தலை எடுக்கவில்லை!
அவ்வளவுதான் அவள் சொன்னது.

பிரம்பானனில் மழை.
காவலர் என் பையை முகர்ந்து “ஈகான்?” என்றார்.
மீன்தான் என்றேன். லெம்பாத்தா மீன் என்றேன்.
அவர் மனைவி அந்தப் பக்கமாம்,
மேசைக்கடியில் பையை வைக்கப் போனவர்
ஏனோ என்னிடமே தந்துவிட்டார்.
தெற்கு அறையில் அகத்தியர்,
தாடியும் தொந்தியுமாக, ஆளை விட உயரம்.
குறுமுனி என்றல்லவா படித்திருந்தேன்.
இரண்டு வாரமாய்த் தமிழே பேசாத வாயால்
“நாத்தத்துக்கு மன்னிக்கணும்” என்றேன்.
ஈரக் கல்லில் வௌவால் ஒன்று இடம் மாறியது.

வெளியே, பாத்திக் சீருடையில் ஒரு பள்ளிக்கூடம்.
ஆங்கிலப் பாடத்துக்கு
வெளிநாட்டாரிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டுமாம்.
நான்காவது: ஏன் பயணம் செய்கிறீர்கள்?
டெலிவரி, என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

ஜகார்த்தாவில் அந்த எண்ணின் ஓர் இலக்கம்
ஆறா, எட்டா, தெரியவில்லை.
எட்டு, ஒரு பல் மருத்துவமனை.
ஆறு, மணி அடித்து அடித்து நின்றது.
இரண்டு நாள்.
விடுதிக்காரி பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினாள்,
பூனைகள் வந்தன, கீழே இறக்கினாள்.
மூன்றாம் நாள் ஆறு பேசியது.

தானா அபாங் மேம்பாலத்துக்கு அடியில்
பச்சைச் சட்டைகள், இருசக்கர வாடகை வண்டிகள்.
பெர்னாடுஸ் லாபா தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.
“தலை இருக்கிறதா?”
“இருக்கிறது.”
அதன் பிறகுதான் ட்யூபை அவிழ்த்தான்.
யாரோ சோறு வாங்கி வந்தார்கள், யாரோ மிளகாய்.
வண்டி சீட்டின் மேலேயே காகிதம் விரித்து
ஏழு பேர் தின்றார்கள்.
எனக்கும் ஒரு வால்.

“நாலு முறை அனுப்பிவிட்டாள்,” என்றான்
முள்ளைத் துப்பிக்கொண்டே.
“ஒரு மாலுமி, ஒரு பாதிரி, ரெண்டு பேர் உங்களைப் போல.
எதுவும் வரவில்லை.
வந்தது, நன்றாக இருந்தது என்று
போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”
“இந்த முறை?”
யோசித்தான்.
“உப்பு அதிகம் என்று சொல்ல வேண்டும்.
நாலு முறையும் நான் குறையே சொல்லவில்லை.”

போன் கிணுகிணுத்தது. சவாரி.
காலித் தகரத்தைக் கால்சட்டையில் துடைத்து
ட்யூபைச் சுற்றி என் கையில் திணித்தான்.
“பெட்டியைத் திரும்பக் கேட்பாள்.”
நான் ஊருக்குப் போகிறேன், நாளை விமானம்
என்று சொல்வதற்குள்
நூறு பச்சைச் சட்டைகளில் ஒன்றாகிவிட்டான்.

விடுதியில் பையைக் கவிழ்த்தேன்.
என் துணி எல்லாம் கருவாடு.
விடுதிக்காரியிடம்,
கிழக்கே கப்பல் என்றைக்கு என்று
சும்மா கேட்டு வைத்தேன்.