முப்பது சொல்

ஒரு படத்துக்கு முப்பது சொல்.
மேலே போனால் மிஸ்ரியா வெட்டுவாள்.
தலைமாட்டில் ராசிபலன், கால்மாட்டில் பற்பசை விளம்பரம்,
நடுவில் நான்,
ஞாயிறுதோறும், பதினாறு வருசமாய்.

மருதானை, வெள்ளிக்கிழமை, பத்தரைக் காட்சி.
‘நாயகன் நாற்பது பேரை அடிக்கிறான்.
சட்டை கசங்கவில்லை.
இஸ்திரி போட்டவருக்கு என் பாராட்டு.’
மிச்சம் இருபது சொல்லை
அடுத்த படத்துக்குக் கடன் தரலாமா என்று கேட்டேன்.
முடியாதாம்.

பேய்ப்படம்.
பேயைவிட ஏசி பயங்கரம்.
இடைவேளைக்கு முன்னமே பேய் யாரென்று தெரிந்துவிட்டது
பின்வரிசைப் பொடியனுக்கு.
அவன் கத்தினபிறகு எனக்கும்.

விருது வாங்கிய சிங்களப் படம்:
ஒரு குளத்தில் பதினொரு நிமிசம் மழை.
ஒருவரும் பேசவில்லை.
அரங்கில் ஆறு பேர், அழுதது இரண்டு.
மற்றவர் நாலு கதிரை தள்ளியிருந்து
ஒரு டிஷூவை நீட்டி ஏதோ சொன்னார்.
விளங்கியது. தமிழில் எழுத வரவில்லை.
‘ஒளிப்பதிவு நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்தியப் படமொன்று, அடியில் சிங்கள எழுத்து ஓடுகிறது.
வாசிக்கிறவர்கள் முதலில் சிரிக்க
கேட்கிறவர்கள் பிறகு சிரிக்க
ஒரு பகிடிக்கு இரண்டு சிரிப்பு, ஒரே டிக்கட்.
லாபம்.

பிறகு, எங்களைப் பற்றிய படமாம்.
வாய் திறந்தால் ‘ஓம்’, மூடினால் ‘பேந்து’.
வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரம் வரை தேடிவிட்டேன்,
இப்படித் தமிழ் பேசுகிற ஒரு சீவனைக் காணவில்லை.
ஆனாலும் அந்தச் சோதனைச்சாவடிக் காட்சியில்
ஆமிக்காரனாய் நடித்தவன் அடையாள அட்டை கேட்க
என் வரிசையில் மூன்று கைகள்
சட்டைப்பைக்குப் போய்த் திரும்பின.
நாலாவது என்னுடையது.
படம் சுமார்.

காதல் படம். விமான நிலையத்துக்கு அவன் ஓடும்போது
கரண்ட் போய்விட்டது.
அவள் ஏறிப் போயிருந்தால் நாலு நட்சத்திரம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம்.
போனில் எடுத்த படம், இயக்கம் சஞ்சீபன்.
பார்க்க வந்தவர் பதினாலு, அதில் ஒன்பது பேர் நடித்தவர்கள்.
அவன் கதவடியில் நின்று
எங்கள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.
எழுதினேன்:
‘வெளிச்சம் பரவாயில்லை. சத்தம்தான் சரியில்லை.’
நாலே சொல்.
அந்த ஞாயிறு பற்பசை கொஞ்சம் பெருத்தது.

ஐப்பசி மழை. காலி வீதியில்
நூற்றியோராம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கும்போது
என் போன் வழுக்கி, தண்ணீருக்குள்.
திருத்துகிற கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவன்.
என்னைத் தெரிந்ததாய்க் காட்டவில்லை.
கழற்றிய திருகாணிகளை
ஒரு காந்தத்தில் பிறைபோல ஒட்டினான்.
துடைத்தான், ஊதினான், காதில் வைத்துப் பார்த்தான்.
பிறகு நிமிராமலே சொன்னான்:
‘வெளிச்சம் பரவாயில்லை. சத்தம்தான் சரியில்லை.’
ஸ்பீக்கர் வர இரண்டு கிழமையாகுமாம்.
பார்த்த கூலி முந்நூறு. சதம் குறைக்கவில்லை.

வெளியே, ஒரு பேக்கரிக் கூரைக்குக் கீழே நின்றபோதுதான்
அவனுடைய படத்தின் கடைசி வந்தது.
ஒருத்தி கடை ஷட்டரை இழுத்துப் பூட்டி
திறப்பைக் கையில் வைத்தபடி
எந்தப் பக்கம் போவதென்று நிற்கிறாள்.
தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது.
அது படத்துக்குள் ஊதியதா,
மண்டபத்துக்கு வெளியே, துறைமுகத்தில் ஊதியதா?
நான் தலை திருப்பிப் பார்த்தேனே, ஏன்?

மிஸ்ரியாவுக்கு எடுத்தேன்.
‘அந்தக் கொட்டாஞ்சேனைப் படத்தில்
எனக்கு இன்னும் இருபத்தாறு சொல் இருக்கு’ என்றேன்.
அவள் என்னவோ சொன்னாள்.
திரை நன்றாக எரிந்தது, அவள் பெயர் துலக்கமாய்த் தெரிந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.