கிழக்கு ஜன்னல்

திருப்பாலைக்குடிப் பள்ளிக்கூடத்தின் பழைய வரைபடத்தில்
ஆறு ஜன்னல்.
ஆறும் தரையிலிருந்து ஐந்தடி.
காற்று வரலாம், வெயில் வரலாம்,
கடல் வரக்கூடாதென்பது கட்டியவர் கணக்கு.
வள்ளம் பார்க்கிற பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாதாம்.

சுவர் முருகைக்கல். இரண்டடி கனம்.
துளைபோட்டால் மாவாகக் கொட்டுகிறது,
உள்ளே விரல் நுழையும் பொந்துகள்,
முன்பு ஏதோ குடியிருந்தவை.
என் படிவத்தில் செங்கல், கருங்கல், கான்கிரீட்
மூன்றுக்குத்தான் கட்டம்.
'இதர' என்பதில் டிக் அடித்தேன்.
யாரும் பார்க்காதபோது
ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன்.
இன்னும் கரிக்கிறது.

மழைக்கு முந்தின நாளே
சுவர் வியர்த்துவிடும் சார்,
என்றார் மைமூன் டீச்சர்.
உத்தரம் பர்மாத் தேக்கு,
அதில் கரையான் ஏறிய தடம் இல்லை.
அதையும் குறித்தேன்.

டேப்பை நீட்டியபோதுதான் இடித்தது:
கடைசி ஜன்னல் மட்டும்
இரண்டரை அடியில்.

பீரோவில் செலவுப் பதிவேடு.
அறுபத்தைந்து, பிப்ரவரி.
"கிழக்கு ஜன்னலின் அடிச்சுவர் உடைத்து இறக்கிய வகையில்
கொத்தனார் சவரியானுக்குக் கூலி
நாலேகால் ரூபாய்."
காரணம் என்ற இடத்தில் வேறு மை:
"புயலுக்குப் பிறகு
ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர்
பெஞ்சுமேல் நின்றே பாடம் கேட்கிறார்கள்."

படிக்கட்டையில் சாந்து தேய்ந்து
முருகைக்கல் தெரிந்தது.
முழங்கை அளவில் இரண்டு பள்ளம்.
எட்டு மில்லிமீட்டர்.
இடிக்கலாம் என்று எழுத வந்தவன்
குனிந்து இன்னொரு தரம் அளந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்:
"சார், கொஞ்சம் தள்ளுங்க.
மறைக்குது."