எட்டு ஓம் சுமை

அட்டைப்பெட்டியில் தீப்பிழம்பு எழுத்தில்
ஆயிரத்து இருநூறு வாட் என்று போட்டிருந்தது.
வெள்ளிச் சந்தையில் பதினான்கு தினார் சொன்னதைப்
பதினொன்றரைக்குப் பேசி முடித்து
லிஃப்ட் ஓடாத ஆகஸ்டில்
ஃபஹாஹீலின் இந்த நாலாவது மாடிக்குத்
தோளில் தூக்கி வந்திருந்தான் சதக்கு.

"நெசமாவே அவ்வளவு இருக்கா, அளந்து சொல்லு.
கம்பெனியில மீட்டருக்கே மீட்டர் வைக்கிறவன்தானே நீ."

திருப்பி வைத்துப் பின்பக்கத் தகட்டைப் படித்தேன்.
உள்ளே வாங்குவது தொண்ணூற்றைந்து வாட்.
தொண்ணூற்றைந்தைத் தின்று ஆயிரத்து இருநூறு கறக்கிற மாடு
எந்தச் சந்தையிலும் இல்லை என்றேன்.
"தகடு பொய் சொல்லக்கூடாதா?"
சொல்லலாம்தான்.

ஸ்பீக்கரைக் கழற்றினேன்.
அது இருந்த இடத்தில்
குப்பைத் தொட்டியில் பொறுக்கிய எட்டு ஓம் தடை,
கட்டைவிரல் தடிமனில் ஒரு பீங்கான் குழல்.
காற்றில் விட்டால் வெந்துபோகும்.
பழைய நெய் டின்னில் எண்ணெய் ஊற்றி அமிழ்த்தினேன்.
வெள்ளிக்கிழமை அப்பளத்துக்கென்று
மெஸ் பொறுப்பாளர் இன்னாசிமுத்து எடுத்து வைத்த எண்ணெய்.
அவர் மேல்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.
மூன்றரைக்கு அவருக்குப் பஸ்.
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

போனிலிருந்து ஒரே ஒரு சுரம்,
நொடிக்கு ஆயிரம் அதிர்வு.
உள்ளங்கை ஸ்கோப்பில் பச்சை அலை எழுந்தது.
வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கியது.
ஏசி கம்ப்ரசர் உதைக்கும்போது மட்டும்
ஒரு சிலிர்ப்பு.
பத்து வோல்ட்.
பதினெட்டு.
இருபத்துமூன்று.
இருபத்தைந்தில் அலையின் தலை
மொட்டை மாடியாகத் தட்டைப்பட்டது.
அதற்கு மேல் அதனிடம் இல்லை.
ஒரு மயிரிழை குறைத்தேன்:
இருபத்துநான்கு.

"பாடுதா?"
"முழுத் தொண்டையில் பாடுது."
"கேக்கலையே."
டின்னுக்குக் குனிந்து காதை வைத்தான்.
எண்ணெய்க்கு அடியில், எங்கோ,
ஒரு கொசுவின் பாதி.
ஆறு பேர் இருக்கும் அறையில்
அதை அவன் ஒருவன்தான் கேட்டான்.
ஜன்னலுக்கு வெளியே
சுத்திகரிப்பு ஆலையின் சுடர்
யாருக்கும் சோறு பொங்காமல் எரிந்துகொண்டிருந்தது.
எண்ணெய் மெல்லச் சூடேறியது.

பெட்டி மூடியின் உள்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
இருபத்துநான்கை இருபத்துநான்கால் பெருக்கினால்
ஐந்நூற்று எழுபத்தாறு.
உச்சத்தை அளந்ததால் எட்டுக்குப் பதில் பதினாறால் வகுக்க வேண்டும்.
முப்பத்தாறு.
இன்னொரு தடையையும் போட்டு
இரண்டு பக்கமும் சேர்த்து ஓட்டியபோது
இருபத்திரண்டு வோல்ட்டிலேயே தலை தட்டையானது:
பக்கத்துக்கு முப்பது.
ஒரே சட்டியில் இரண்டு பேர் கைவைத்தால் அப்படித்தான்.

சதக்கு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
விரல்விட்டு எதையோ எண்ணினான்.
அது வாட் இல்லை.

முப்பது மோசமில்லை,
ஒரு கல்யாண வீட்டின் முன்னறைக்குப் போதும் என்றேன்.
பத்து மடங்கு கொடுத்தால்தான்
காது இரண்டு மடங்கு என்று ஒப்புக்கொள்ளும் என்றேன்.
அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு கேட்டான்:
"சரி. நாம தினமும் கேட்கிறோமே,
அது எவ்வளவு?"

இதை நான் அளந்ததே இல்லை.
ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டினேன்.
அவனுக்குப் பிடித்த பாட்டை
அவன் வழக்கமாக வைக்கும் இடத்தில்,
குமிழில் பேனாவால் கோடு போட்டிருந்த இடத்தில்,
வைக்கச் சொன்னேன்.
ஸ்கோப்பின் அடுக்கை மூன்று முறை மாற்றிய பிறகே
அலை கண்ணுக்குத் தென்பட்டது.
புள்ளி நான்கு வோல்ட்.
பெருக்கி, வகுத்து,
சந்தேகப்பட்டு மறுபடியும் வகுத்தேன்.
நூற்றில் ஒரு வாட்.

"நூறா?"
"நூற்றில் ஒன்று."

முப்பத்தாறு வாட்டுக்குப் புரண்டு படுக்காத இன்னாசிமுத்து
மேலிருந்து, கண் திறக்காமல்,
"சத்தத்தக் கொறைங்கடா" என்றார்.

சதக்கு குறைத்தான்.
அதற்குக் கீழே
ஸ்கோப்பில் கட்டம் இல்லை.
பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதை
அவன் உதடு அசைந்ததில் தெரிந்துகொண்டேன்.